சவர்க்காரமும் தென்னையின் மென்னுரையும்

நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுட் சில, தம் வரலாற்றைத் தம் பெயரிலேயே பொதிந்து வைத்துள்ளன. அவற்றுள் ஒன்று சவர்க்காரம். தமிழகத்தார் இன்று பெரும்பாலும் 'சோப்பு' என்றே வழங்க, ஈழத்தவராகிய நாம் பழைய சொல்லை விடாது காத்து வருகின்றோம். சவர் என்பது உவர். 'சவர்த் தண்ணீர்' என்று நம் தாய்மார் சில கிணற்று நீரைப் பழிக்கும்போது அச்சொல்லே வருகின்றது. காரம் என்பது உறைப்பை மாத்திரமன்றி, எரிக்குந் தன்மையுடைய சாம்பலுப்பையும் குறிக்கும். ஆகவே, உவர்மண்ணினின்றும் பெற்ற காரம் என்பதே சவர்க்காரம் என்னுஞ் சொல்லுக்குப் பொருத்தமான பொருளாகும். வடமொழியில் உள்ள 'சர்ஜிக்ஷாரம்' என்பதன் திரிபே இஃது என்பாரும் உளர். அச்சொல்லும் உவர்மண்ணுப்பையே குறித்தலின், எவ்வழி நோக்கினும் பொருள் ஒன்றே. கட்டியாக வார்த்த பண்டம் கடைக்கு வருமுன்னரே அழுக்கைப் போக்கும் ஆற்றல் காரத்துக்கு உண்டென நம்மவர் அறிந்திருந்தனர் என்பதும், உவர்மண் கொண்டு ஆடை வெளுத்தனர் என்பதும் இச்சொல்லினாற் பெறப்படும்.

தமிழாசிரியன் ஒருவன் இரசாயனத்துட் புகுவது ஏனென்று வினவுவார் இருப்பர். காரணம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியாகும். அவன் தமக்கையின் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுதற்கு வாங்கிய கட்டியின் உறையை வகுப்பிற்குக் கொணர்ந்திருந்தான். அதன் முகப்பில் தென்னங்குலை ஒன்றின் படம் இருந்தது. பின்புறத்தே, மிகச் சிறிய எழுத்தில், 'சோடியம் கொக்கோயில் ஐசெதயோனேற்று' என்று முதலாவதாக அச்சிடப்பட்டிருந்தது. "சேர், சவர்க்காரமும் தேங்காயெண்ணெயிலதான் செய்யிறது. இதுவும் தேங்காயில இருந்து எண்டு போட்டிருக்கு. பிறகேன் ஒண்டு தோலைக் காயவைக்குது, மற்றது காயவைக்கேல்லை?" என்றான். கேள்வி செம்மையானது. பெயரைத் தமிழ்ப்படுத்தித் தருமாறே அவன் என்னிடம் வந்தானாயினும், பொருளறியாது பெயரை மொழிபெயர்த்தல் குருடன் ஓவியத்துக்கு விளக்கம் கூறுவதை ஒக்கும் ஆதலின், விஞ்ஞான ஆசிரியர்களை நாடியும் நூல்களைத் துருவியும் யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

தேங்காயெண்ணெய் ஒருதனிப் பொருளன்று. கொழுப்பு ஒவ்வொன்றும் கிளிசரோல் என்னும் நடுத்தண்டில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் கோக்கப்பட்டது போன்ற அமைப்புடையது. கொழுப்புக்களின் இவ்வமைப்பை ஆராய்ந்து தெளிவித்தவர் பிரெஞ்சு இரசாயனராகிய செவ்ரெல் என்பார். அவர்தம் ஆராய்ச்சி நூல் 1823 இல் வெளிவந்தது. (அப்பெரியார் 1786 இற் பிறந்து 1889 வரை, நூறாண்டுக்கு மேலும் வாழ்ந்தார் என்பதைக் கேட்டு எம் பழைய மாணவர் சங்கத்து மூத்தோர் மகிழ்வராக.) கொழுப்பைச் சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரத்துடன் காய்ச்சின், நடுத்தண்டு கழன்று கிளிசரோலாகும், சங்கிலிகள் சோடியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகும்.

தென்னையின் சிறப்பு அச்சங்கிலிகளின் நீளத்திலே உள்ளது. மாட்டுக் கொழுப்பிலும் பெரும்பாலான தாவர எண்ணெய்களிலும் சங்கிலி ஒவ்வொன்றும் 16 அல்லது 18 காபன் அணுக்களால் ஆயது. தேங்காயெண்ணெயிலோ ஏறத்தாழப் பாதிப்பங்கு 12 காபன் அணுக்களையே கொண்ட இலோரிக்கமிலம். அதற்கு அப்பெயர் இலோரல் என்னும் மரத்தினால் வந்தது. உலகிலே அதனை மிகுதியாகத் தருவன தென்னையும் செம்பனை விதையுமாக இருக்கவும், பெயரைத் தட்டிச் சென்றது வேறொரு மரம்! சங்கிலி குறுகியிருத்தலால் தென்னைச் சவர்க்காரம் நீரில் எளிதிற் கரையும், விரைந்து நுரைக்கும், உப்புச் செறிந்த கடல்நீரிலும் நுரைக்கும். மாலுமிகளுக்கெனச் செய்யப்பட்ட கடற் சவர்க்காரம் தேங்காயெண்ணெயினால் ஆயதற்குக் காரணம் இதுவே. இங்கிலாந்தில் உவில்லியம் இலீவர் 1884 இல் 'சன்லைற்று' என்னும் பெயரைப் பதிந்து சவர்க்கார வாணிகத்தை வளர்த்தபோதும், மாட்டுக் கொழுப்பைக் குறைத்துக் கொப்பறா எண்ணெய், செம்பனை விதையெண்ணெய் முதலிய தாவர எண்ணெய்களையே பெரிதும் நம்பினார்.

இனி, அழுக்கு எவ்வாறு அகல்கின்றது என்பதை நோக்குவாம். சவர்க்கார மூலக்கூறு ஒன்றை மாரிகாலத்துக் குட்டையில் நீந்தும் வாற்பேத்தை போல எண்ணிக்கொள்க. தலை நீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். நீரில் அவை பல கூடும்போது, வால்களை உள்ளேயும் தலைகளை வெளியேயும் வைத்து உருண்டையாகத் திரள்கின்றன. தோலில் உள்ள எண்ணெய்ப்பசையும் அதிற் பற்றிய அழுக்கும் அத்திரளின் நடுவே சிறைப்பட, நீர் அவற்றை அடித்துச் செல்லுகின்றது. நுரைக்கும் பண்டங்கள் அனைத்துக்கும், சீயக்காய்க்கும் பூவந்திக்குமே கூட, இவ்விருதலை இயல்பு பொதுவாகும்.

சவர்க்காரத்தின் குறைகள் அதன் வாலில் அல்ல, தலையிலே உள்ளன. முதற்குறை யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க வேண்டியதன்று. நம் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறைமேற் கிடப்பது. மழைநீர் அப்பாறையினூடு கசிந்து இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றைச் சேர்கின்றது. அந்நீரிற் சவர்க்காரத்தைத் தேய்க்கும்போது, சோடியம் இருந்த இடத்தைக் கல்சியம் பற்றிக்கொள்ள, நீரிற் கரையாத சுண்ணச் சவர்க்காரம் வெண்டிரையாகப் படிகின்றது. வாளியின் விளிம்பிலும் தொட்டிச் சுவரிலும் பிசுபிசுத்துக் கிடப்பதும், முழுகிய பின் தலைமயிர் சடைத்து நிற்பதும் அதனாலேயே. கட்டியில் ஒரு பகுதி நுரைப்பதற்கு முன்னரே வீணாகின்றது. வன்னீர் என்று பாடநூல் கூறுவது நம் வீட்டுக் கிணற்று நீரையே என்று மாணவர் பலர் உணர்வதில்லை. அதனை வேறு நாட்டுச் செய்தியாக மனனம் செய்கின்றனர்.

இரண்டாவது குறை காரத்தன்மை. நம் தோலின் மேற்பரப்பு சிறிதே அமிலத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4.5 முதல் 6 வரை. சவர்க்கார நுரையின் பெறுமானமோ 9 முதல் 10 வரை. தோலின் மேற்படை, உலர்ந்த கலங்கள் செங்கற்கள்போல் அடுக்கப்பட்டு, இடையிடையே கொழுப்புச் சாந்து பூசப்பட்ட சுவரை ஒத்தது. காரம் பட்டவிடத்து அக்கலங்கள் பொருமிச் சாந்து தளரும். சவர்க்காரத்தின் வால் அச்சாந்திற் சிறிதைக் கழற்றியும் செல்லும். பின்னர் உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தோல் வறள்கின்றது. வளர்ந்தவர் உடலுக்கு இது பெருந்தீங்கன்று. ஒருநாளில் பலமுறை கைகழுவும் தாதியர்க்கும், கரப்பான் உடையார்க்கும், பச்சிளங் குழந்தைகட்கும் அஃது உண்மையான துன்பமாகும்.

வாலை வைத்துக்கொண்டு தலையை மாற்றினால் என்ன என்னும் எண்ணம், தோலைக் காக்கும் நோக்கத்தால் எழுந்ததன்று. துணியைக் காக்கவே எழுந்தது. 1930 ஆம் ஆண்டை அடுத்து செருமனியில், சாயமிடும் ஆலைகளில் வன்னீர் படியவைத்த சுண்ணத்திரையைத் தவிர்க்கும் பொருட்டு, கொழுப்பமிலங்களை ஐசெதயோனிக்கமிலத்தின் உப்போடு இணைத்து 'இகெப்பன் ஏ' என்னும் பண்டத்தை ஆக்கினர். அவ்வாறே தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களை இணைப்பின், நம் மாணவன் கொணர்ந்த உறையில் முதலிடம் பெற்ற பொருள் கிடைக்கும். 'கொக்கோயில்' என்பது தென்னையின் கலப்பமிலங்களினின்றும் வந்த வால்; 'ஐசெதயோனேற்று' என்பது தலை; 'சோடியம்' தலையோடு ஒட்டிய துணை. தலையின் நுனியில் உள்ளது சல்பொனேற்றுக் கூட்டம். அது கல்சியத்தைக் கண்டு சவர்க்காரத்தைப்போல் எளிதில் திரையாவதில்லை. நுரையும் ஏறத்தாழ நடுநிலையில், பீ.எச். 7 இன் அயலில், நிற்கும்.

ஆயினும், தலையையும் வாலையும் பிணைக்கும் எசுத்தர்க் கட்டு காரத்திற் கொதிக்கும்போது அறுந்துவிடும். ஆலைக்காரர் இதனைப் பெருங்குறையாகக் கண்டு, உறுதியான கட்டுடைய வேறொரு வகைக்கு மாறினர். துணியாலை தள்ளியதைக் குளியலறை எடுத்துக்கொண்டது. குளிக்கும் நீர் கொதிப்பதுமில்லை, அதிற் கடுங்காரம் இருப்பதுமில்லை அன்றோ? 1957 இல் அமெரிக்காவில், இலீவர் நிறுவனத்தார் இப்பொருளை முதன்மையாகக் கொண்டு, தெயரிக்கமிலம் முதலியன சேர்த்து, 'டவ்' என்னும் கட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதனைச் சவர்க்காரம் என்று அவர்கள் விளம்பரஞ் செய்யவில்லை. அச்சொல்லைத் தவிர்த்தது வாணிக உத்தியேயாயினும், இரசாயன நோக்கிற் பெரிதும் சரியானதுங்கூட.

இதன் மென்மை வெறும் விளம்பரந்தானா? 1979 இல் புறொசு, கிளிக்மன் என்னும் தோல் மருத்துவர் இருவர், 18 வகைக் கட்டிகளின் கரைசல்களை மனிதர் முன்கைத் தோலில் நாட்கணக்கில் வைத்துச் சோதித்த முறையொன்றை வெளியிட்டனர். அவற்றுள் மிக மென்மையானதாகக் காணப்பட்டது மேற்கூறிய கட்டியே. (கிளிக்மன், அதற்கு முன்னர் பிலடெல்பியாச் சிறையொன்றில் கைதிகள்மேல் நடத்திய சோதனைகளுக்காகக் கடுங் கண்டனத்துக்கு உள்ளானவர். அறிவு எவ்வழியாக வந்தது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.) காரணத்தை விளக்கிய ஆராய்ச்சி 2007 இலே மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தினின்று வெளிவந்தது. தோலின் மேற்படையில் நீர் ஊடுருவத்தக்க நுண்டுளைகளின் ஆரை ஏறத்தாழ 2.9 நனோமீற்றர், கொக்கோயில் ஐசெதயோனேற்றின் திரள்களின் ஆரை ஏறத்தாழ 3.3 நனோமீற்றர். வாசல் சிறிது, வருபவர் பெரியர். ஆகவே உட்புகுதல் அரிதாகின்றது. வெளியே நின்றபடியே அழுக்கைக் கொண்டு போகின்றனர்.

இவ்விடத்தே மாணவர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுளது. அதே ஆராய்ச்சியில் ஒப்பிடப்பட்ட மற்றொரு பொருளின் திரளுக்கு ஆரை 2 நனோமீற்றர் மாத்திரமே. அது துளையினூடு தாராளமாக நுழையும். அப்பொருள் சோடியம் இலோரில் சல்பேற்று வகையைச் சேர்ந்தது. தோலை உறுத்தும் தன்மையை அளத்தற்கு மருத்துவர் அளவுகோலாகவே கைக்கொள்ளும் கடிய பண்டம் அது. அதன் வால் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் தேங்காயெண்ணெயினின்றோ செம்பனை விதையெண்ணெயினின்றோ வருகின்றது! ஒரே மரம், ஒரே நீளமுள்ள வால்; தலை மாறியதும் ஒன்று சாது, மற்றொன்று முரடன். ஆகவே 'தென்னையிலிருந்து பெறப்பட்டது' என்னும் தொடரை மாத்திரம் நம்பிப் பொருளை வாங்குதல் அறிவுடைமையாகாது. உறையின் முகப்பிலுள்ள படம் வாலைப்பற்றிப் பேசுகின்றது. பின்புறத்துச் சிற்றெழுத்தே தலையைக் கூறுகின்றது. 'கொக்கோ' என்று தொடங்கும் பெயருடையன யாவும் தென்னையை மட்டுமே மூலமாகக் கொண்டன என்று எண்ணுவதும் பொருந்தாது. இரு மரங்களின் எண்ணெய்களும் அமிலப் பங்கில் ஏறத்தாழ ஒத்திருத்தலின் ஆலைகளில் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகின்றது.

குழந்தைகளுக்கான நீர்ம வகைகளில் மிகுதியாகக் காணப்படும் 'கொக்கமிடோபுறொப்பில் பீற்றெயின்' இன்னொன்று. அதன் தலையில் நேரேற்றமும் மறையேற்றமும் ஒருங்கே உள்ளமையால் அதுவும் மென்மையானதே. ஆயினும் உற்பத்தியின்போது எஞ்சிநிற்கும் மாசுகளாற் சிலருக்கு ஒவ்வாமை உண்டாதல் கண்டு, அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2004 இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அதனைச் சுட்டி மருத்துவரை எச்சரித்தது. மென்மை என்பது எல்லார்க்கும் எப்பொழுதும் என்பதன்று.

தென்னையை விட்டுச் சற்றே பனைக்கு வருவோம். இதனைக் கூறாது விடின் எம் தலைமுறையினர் என்னை மன்னியார். 1990 இற் போர் மீண்டும் மூண்ட பின்னர், குடாநாட்டுக்கு வரும் பண்டங்கள் பல தடுக்கப்பட்ட காலத்தில், சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்திற் சிறுவராயிருந்த யாம் அணிந்து சென்ற வெள்ளைச் சட்டைகள் பனம்பழத்தினால் தோய்க்கப்பட்டவை. எம் அன்னையார் பழத்தைப் பிசைந்து, களியை ஆடையிற் பூசி ஊறவைத்து, துவைகல்லில் அடிப்பார். அழுக்கு மெய்யாகவே போகும். மெல்லிய மஞ்சளும் பழவாசமும் எஞ்சும். கொடியிற் காயும் சட்டையை மாடு சப்பிவிடாதபடி காவலிருப்பது எங்கள் வேலை. அக்காலத்துப் பழைய மாணவர்களுள் ஒரு கை தின்னப்பட்ட சட்டையோடு வகுப்பிற்கு வந்தோர் இதனைப் படிக்கும்போது புன்முறுவல் கொள்வர் என நம்புகின்றேன்.

அன்று அதனை வறுமையின் செயல் என்றே எண்ணினோம். பனங்களியில் 'பிளபெலிபெரின்' என்னும் சப்போனின் வகைப் பொருள்கள் உள என்பதை இலங்கை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். களியின் கைப்புக்குக் காரணமும் அவையே. நீரை விரும்பும் வெல்லக் கூட்டம் தலையாகவும், எண்ணெயை விரும்பும் கூடு உடலாகவும் அமைந்த வாற்பேத்தைகள் அவை. தலையில் வெல்லம்! இதே உபாயத்தைத் தொழிற்சாலைகளும் கைக்கொண்டுள்ளன. தேங்காயெண்ணெயினின்று பெறும் அற்ககோலை வாலாகவும் குளுக்கோசைத் தலையாகவும் இணைத்து ஆக்கும் 'கொக்கோ குளுக்கோசைட்டு' என்னும் பொருள் இன்று விலையுயர்ந்த குழந்தைக் கழுவிகளிற் காணப்படுகின்றது. இவ்வகை இணைப்பை எமில் பிசர் என்னும் செருமானிய மேதை 1893 இலேயே ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். பேரளவு உற்பத்தி 1990களிலேதான் தொடங்கியது. நாம் பனம்பழத்தோடு துவைகல்லில் நின்ற அதே காலம் என்பதை எண்ணுந்தொறும் வியப்புண்டாகின்றது. (இவ்வகையும் 2017 இல் மேற்கூறிய ஒவ்வாமைப் பட்டத்தைப் பெற்றது என்பதையும் நடுநிலை தவறாது கூறிவிடுகின்றேன்.)

பெயர்களைப்பற்றி ஒரு சொல். மானிப்பாயிற் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் பிசுக்கு கிறீன் அவர்களின் முயற்சியால் 1875 இலே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் தமிழிற் படிக்கத் தக்கதாயிருந்தது. இன்றோ நம் கடைகளிலுள்ள உறைகளில் விளம்பர வாசகம் மட்டும் தமிழில் இருக்க, உட்பொருட் பட்டியலைப் படித்தறிய இயலாத நிலையிலே தாய்மார் உள்ளனர். அனைத்துலகப் பெயரை முற்றாக மாற்றுதல் வேண்டா; மாற்றினால் மருத்துவருக்கும் நமக்கும் தொடர்பு அறும். அதனைத் தமிழெழுத்திற் பொறித்து, அருகே 'தென்னையமில மென்னுரைமம்' என்பது போன்ற விளக்கச் சொல் ஒன்றைச் சேர்த்தல் கூடும். இதனினும் நல்ல சொல் காண்பார் காண்க.

மாணவர் இவற்றை என் சொற்கொண்டு நம்புதல் வேண்டா. ஆய்வுகூடத்திலே ஒரு பாடவேளையில் தாமே கண்டுகொள்ளலாம். மூடியுள்ள மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுத்துக்கொள்க. ஒன்றில் ஐப்பசி மழையிற் பிடித்த தூயநீரையும், மற்றை இரண்டிலும் கிணற்று நீரையும் அரைவாசி நிரப்புக. முதலிரு போத்தல்களிலும் சாதாரண சவர்க்காரத்தின் சீவல்களைச் சம அளவில் இடுக. மூன்றாவதில், உறையின் பின்புறத்தைப் படித்துத் தேர்ந்த ஐசெதயோனேற்றுக் கட்டியின் சீவலை அதே அளவில் இடுக. மூன்றையும் சமநேரம் குலுக்கி மேசைமேல் வைக்க. மழைநீரில் நுரை திரண்டெழும். இரண்டாம் போத்தலில் நுரை குன்றி, நீர் பால்போற் கலங்கி, சிறிது பொழுதில் வெண்டுணுக்கைகள் மிதக்கும். மூன்றாவதில், அதே கிணற்று நீரிலே, நுரை நிற்கும். பின்னர்ச் செம்பாசிச்சாயத்தாளை ஒவ்வொன்றிலும் தோய்த்துப் பார்க்க: முதலிரண்டிலும் அது நீலமாகும், மூன்றாவதிற் பெரும்பாலும் நிறம் மாறாது.